ஆள்களப் பெயர்ப் பதிவு மோசடி மின்னஞ்சல்கள்

ஆள்களப் பெயர்ப் பதிவு மோசடி மின்னஞ்சல் என்பது இணையதளம் வைத்திருப்பவரை அவருடைய இணைய முகவரியின் பெயராலேயே அச்சுறுத்திப் பணம் பறிப்பதற்காக அனுப்பப்படும் கடிதம். தேவையற்ற பதிவு, நடக்காத புதுப்பிப்பு, இல்லாத சேவை ஆகியவற்றில் ஒன்றுக்காக அதில் பணம் கேட்கப்படும். பேச்சு வழக்கில் டொமைன் எனப்படும் ஆள்களப் பெயர் யாருக்கும் நிரந்தரச் சொந்தம் அல்ல. ஆண்டுக் கணக்கில் பணம் கட்டித் தக்கவைத்துக்கொள்ள வேண்டியது. தவறினால் கைநழுவும், வேறொருவர் எடுத்துக்கொள்ளலாம். இந்த அச்சம் நியாயமானது என்பதால்தான் மோசடி எடுபடுகிறது.

பெரிய நிறுவனங்களும் இதில் தவறியதுண்டு. 1999 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் தன் பாஸ்போர்ட் டாட் காம் என்ற பெயரைப் புதுப்பிக்க மறந்ததால் ஹாட்மெயில் பயனர்கள் பலர் உள்ளே நுழைய முடியாமல் தவித்தனர். வெளியாள் ஒருவர் தன் கையிலிருந்து 35 டாலர் கட்டிய பிறகே அது சரியானது.

குமரி மாவட்டச் சூழல்

கன்னியாகுமரி மாவட்டத்தில் இணையதளம் வைத்திருப்பவர்களில் பலர் சிறு தொழில் செய்பவர்கள். கன்னியாகுமரி ஊரில் சுற்றுலாப் பயணிகளை நம்பி நடக்கும் விடுதிகள், புவிசார் குறியீடு பெற்ற நாகர்கோவில் கோயில் நகைகளைச் செய்யும் வடசேரிப் பட்டறைகள், மார்த்தாண்டம் பகுதியின் தேன் வணிகம், முந்திரிப் பருப்பு ஆலைகள், 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற மட்டி வாழைப்பழத்தையும் மலையோரக் கிராம்பையும் வெளியூருக்கு அனுப்புவோர் என இவர்களைச் சொல்லலாம். வெளிநாட்டில் வேலை பார்க்கும் உறவினரும் ஊர்க்காரரும் இவர்களுக்கு முக்கிய வாடிக்கையாளர்கள். அவர்களுக்குத் தொழிலின் முகவரி இணையதளமும் அதோடு இணைந்த மின்னஞ்சலும்தான்.

இந்தத் தளங்கள் உருவாகும் விதத்திலேயே ஒரு பலவீனம் இருக்கிறது. தெரிந்த பையன் ஒருவர் மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொண்டு பெயர் பதிவு, இடம், வடிவமைப்பு எல்லாவற்றையும் செய்து கொடுத்துவிடுவார். பெயர் பெரும்பாலும் அவருடைய கணக்கில், அவருடைய மின்னஞ்சலின் கீழ் பதிவாகியிருக்கும். இரண்டு மூன்று ஆண்டுகளில் அவர் பெங்களூருக்கோ வளைகுடாவுக்கோ போய்விடுவார். கடைக்காரருக்குத் தன் பெயர் எந்தப் பதிவாளரிடம் இருக்கிறது, எந்தத் தேதியில் முடிகிறது, ஆண்டுக் கட்டணம் எவ்வளவு என்ற மூன்றும் தெரியாது. அந்த நிலையில் தளத்தின் தொடர்பு முகவரிக்கு ‘உங்கள் டொமைன் காலாவதியாகிறது’ என்று ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தால், அது மெய்யா பொய்யா என்று ஒப்பிட்டுப் பார்க்க அவரிடம் எதுவும் இருப்பதில்லை. ஆங்கிலம் சரளமாக வாசிப்பவர்களும் இங்கே ஏமாறுவதுண்டு. மொழி தெரியாதது இதில் பெரிய காரணம் அல்ல.

பதிவு நடக்கும் முறை

மோசடியைப் புரிந்துகொள்ள, பெயர்கள் யார் கையில் இருக்கின்றன என்பது தெரிந்திருக்க வேண்டும். உலக அளவில் ஆள்களப் பெயர் அமைப்பை ஒருங்கிணைப்பது ஐகான் என்னும் அமைப்பு. டாட் காம் பெயர்களின் மையப் பதிவேட்டை வெரிசைன் நிறுவனம் வைத்திருக்கிறது. டாட் இன், டாட் பாரத், தமிழ் எழுத்தில் அமைந்த டாட் இந்தியா ஆகியவை நிக்ஸி எனப்படும் இந்தியத் தேசிய இணையப் பரிமாற்ற அமைப்பின் பொறுப்பில் உள்ளன. பொதுமக்கள் இவர்களிடம் நேரடியாகப் பெயர் வாங்குவதில்லை. இடையில் உள்ள அங்கீகாரம் பெற்ற பதிவாளர்களிடமோ அவர்களின் மறுவிற்பனையாளர்களிடமோதான் வாங்குகிறார்கள். ஆகவே ஒருவருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் கேட்டு எழுதும் உரிமை உள்ளவர் உலகில் ஒருவரே: அவர் பணம் கட்டி வாங்கிய அந்தப் பதிவாளர், அல்லது அவர் வழியாக விற்றவர். ஐகான், வெரிசைன், நிக்ஸி ஆகியவற்றின் பெயரில் வரும் கட்டண அறிவிப்பு எதுவும் தனிப் பதிவுதாரருக்கு உரியது அல்ல.

டாட் காம் பெயருக்கு வெரிசைன் பதிவாளர்களிடம் வாங்கும் ஆண்டு மொத்த விலை 2024 செப்டம்பர் முதல் 10.26 டாலர். ரூபாயில் இது ஆயிரத்துக்குள் அடங்கும். பதிவாளர் தன் இலாபத்தைச் சேர்த்து விற்பதால் கடையில் விலை கொஞ்சம் கூடும். வெறும் பெயர்ப் புதுப்பிப்புக்கு ஏழாயிரம், எட்டாயிரம் என்று கேட்கும் கடிதத்தைச் சந்தேகிக்க இந்தக் கணக்கு ஒன்றே போதும்.

முகவரி எப்படிக் கிடைக்கிறது

முன்பு ஹூயிஸ் என்ற பொதுப் பதிவேட்டில் பெயர் வைத்திருப்பவரின் முகவரி, தொலைபேசி எண், மின்னஞ்சல் எல்லாம் யாரும் பார்க்கும்படி திறந்து கிடந்தன. 2018 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு பெரும்பாலான பதிவுகளில் தனிப்பட்ட விவரங்கள் மறைக்கப்பட்டன. டாட் காம் போன்ற பொதுப் பெயர்களுக்கு ஹூயிஸ் சேவையை நடத்தும் கட்டாயமும் 2025 சனவரியில் விலகி, ஆர்டாப் என்ற புதிய முறை அதன் இடத்துக்கு வந்தது. எனினும் பெயர் பதிவான தேதி, முடியும் தேதி, பதிவாளர் பெயர் மூன்றும் இன்றும் பொதுவில் தெரிபவைதான். மின்னஞ்சல் முகவரியைத் தளத்தின் தொடர்புப் பக்கத்திலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். பழைய ஹூயிஸ் பட்டியல்களும் கைமாறிக்கொண்டிருக்கின்றன.

இதிலிருந்து வரும் முடிவு முக்கியமானது. கடிதத்தில் காலாவதித் தேதி சரியாக இருப்பதால் அது உண்மையானது என்று ஆகாது. பலர் ஏமாறும் இடம் இதுவே. ‘தேதி சரியாகத்தானே போட்டிருக்கிறான்’ என்று நம்பிவிடுகிறார்கள். புதிதாகப் பெயர் பதிந்த மறுநாளே ‘இணையதளம் செய்து தருகிறோம்’ என்று அழைப்புகள் வரத் தொடங்குவதும் இத்தகைய பட்டியல்களால்தான். அவை எல்லாம் மோசடி அல்ல, ஆனால் முகவரி எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்பதற்குச் சான்று.

போலிப் புதுப்பிப்பு அறிவிப்பு

இந்த வகையில் உலகம் அறிந்த வழக்கு டொமைன் ரெஜிஸ்ட்ரி ஆஃப் அமெரிக்கா என்ற நிறுவனத்தினுடையது. அரசு அலுவலகம் போன்ற பெயரோடும், கட்டண அறிவிப்பு போன்ற வடிவத்தோடும் அது அஞ்சலில் கடிதங்களை அனுப்பியது. பெயர் காலாவதியாகப் போகிறது, உடனே புதுப்பியுங்கள் என்பது கடிதத்தின் தோற்றம். பணம் கட்டியவரின் பெயரோ, அவருக்குத் தெரியாமலேயே, பழைய பதிவாளரிடமிருந்து இந்த நிறுவனத்தின் பக்கம் மாற்றப்பட்டது. அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் நீதிமன்றத்தை நாடியது. 2003 டிசம்பரில் ஏற்பட்ட தீர்வின்படி அந்நிறுவனம் இவ்வாறு மக்களைத் தவறாக எண்ணவைப்பது தடுக்கப்பட்டது. 50,000 பேர் வரை பணத்தைத் திரும்பப் பெறவும் வழி செய்யப்பட்டது.

அதோடு கடிதங்கள் நிற்கவில்லை. அதே பெயருடன் தொடர்புடைய பிராண்டன் கிரே இன்டர்நெட் சர்வீசஸ் என்ற பதிவாளர் புதிய பெயர்களைப் பதியவும், மாற்றல்களைப் பெறவும் முடியாதபடி 2014 சூலையில் ஐகான் 90 நாள் தடை விதித்தது. முதல் நடவடிக்கைக்கும் இரண்டாவதற்கும் இடையே பத்து ஆண்டுகளுக்கு மேல் கடந்திருக்கின்றன.

இத்தகைய கடிதங்களின் தந்திரம் பொடி எழுத்தில் இருக்கிறது. ‘இது கட்டண ரசீது அல்ல, விருப்பமிருந்தால் ஏற்கலாம்’ என்ற பொருளில் ஒரு வரி எங்காவது இருக்கும். வழக்கு வந்தால் அது கேடயம். மின்னஞ்சலில் இதன் இன்னொரு வடிவம் தேடுபொறிப் பதிவு அறிவிப்பு. மேலே பெயரும் காலாவதித் தேதியும், கீழே தொகையும் இருக்கும். ஊன்றிப் படித்தால், முடிவது ஆள்களப் பெயர் அல்ல, தளத்தைத் தேடுபொறிகளில் சேர்க்கும் ஏதோ ஒரு சேவைச் சலுகை என்று தெரியவரும். கூகுள் தன் தேடல் முடிவுகளில் ஒரு தளத்தைச் சேர்ப்பதற்குப் பணம் வாங்குவதில்லை. எனவே அந்தச் சேவைக்கு மதிப்பும் இல்லை.

‘உங்கள் பெயரை வேறொருவர் கேட்கிறார்’

இரண்டாவது வகை சீன ஆள்களப் பெயர் மோசடி என்று அழைக்கப்படுகிறது. ஷாங்காய் அல்லது வேறொரு சீன நகரிலுள்ள பதிவு நிறுவனம் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் எழுதுவார். கடிதம் ‘நிறுவனத் தலைவருக்கு அவசரம்’ என்று தொடங்கும். இன்ன நிறுவனம் உங்கள் வணிகப் பெயரை டாட் சிஎன், டாட் ஏசியா, டாட் எச்கே ஆகியவற்றில் பதிய விண்ணப்பித்திருக்கிறது, எங்கள் பரிசோதனையில் அது உங்கள் பெயரோடு மோதுவது தெரிந்தது, அவர்கள் உங்கள் பங்காளிகளா, இல்லையெனில் ஏழு நாளுக்குள் பதில் தருக என்று தொடரும். பணம் பற்றி முதல் கடிதத்தில் ஒரு சொல்கூட இருக்காது. அதனால்தான் நம்பத் தோன்றுகிறது.

உதாரணமாக, வடசேரியில் கோயில் நகை செய்யும் ஒருவர் ‘அவர்கள் யாரென்றே தெரியாது’ என்று பதில் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மறுநாள், பெயர் கேட்டதாகச் சொல்லப்படும் நிறுவனமே நேரடியாக எழுதும்: நாங்கள் முடிவு செய்துவிட்டோம், பின்வாங்க மாட்டோம். அதன் பின் பதிவு நிறுவனம் கருணையோடு வரும்: பெயரின் பழைய உரிமையாளர் என்பதால் உங்களுக்கே முன்னுரிமை, இத்தனை பெயர்களையும் பத்தாண்டுகளுக்கு நீங்களே பதிந்துகொள்ளலாம். சேர்த்துப் பார்த்தால் பெருந்தொகை வரும். அந்த இன்னொரு நிறுவனம் என்று ஒன்று கிடையாது. இரு தரப்புக் கடிதங்களையும் எழுதுவது ஒரே கைதான்.

இதன் அடிப்படையே தவறு. ஆள்களப் பெயர் முதலில் வந்தவருக்கே கொடுக்கப்படுகிறது. ஒரு பெயரைப் பதியும்முன் உலகில் அதே போன்ற பெயர் வைத்திருப்போரைத் தேடிப்பிடித்துச் சம்மதம் கேட்கும் கடமை எந்தப் பதிவாளருக்கும் இல்லை, யாரும் அப்படிச் செய்வதும் இல்லை. விற்கத் தயாராக ஒரு வாடிக்கையாளர் இருக்கும்போது அவரை நிறுத்திவைத்துக் குமரி மாவட்டத்துப் பட்டறைக்குக் கடிதம் எழுதும் வணிகர் எவர்? 2013-க்குப் பின் அறிமுகமான புதிய பொது ஆள்களங்களில் மட்டும் வணிகச்சின்ன மையம் ஒன்றின் வழியாக எச்சரிக்கை அனுப்பும் ஏற்பாடு உண்டு. அதுவும் பணம் கட்டித் தம் சின்னத்தை அங்கே முன்கூட்டிச் சேர்த்தவர்களுக்கு மட்டுமே.

பெயரைப் பிறர் உண்மையிலேயே பறித்தால் கையற்று நிற்க வேண்டியதில்லை. சென்னையைச் சேர்ந்த சத்யம் இன்ஃபோவே நிறுவனம் தன் சிஃபி என்ற பெயருக்காகத் தொடுத்த வழக்கில், ஆள்களப் பெயருக்கும் வணிகச்சின்னம் போன்ற பாதுகாப்பு உண்டு என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2004-ல் தீர்ப்பளித்தது. டாட் இன் பெயர்களுக்கு நிக்ஸியின் தகராறு தீர்வுக் கொள்கையும், டாட் காம் போன்றவற்றுக்கு ஐகான் 1999-ல் ஏற்ற ஒருசீர் தகராறு தீர்வுக் கொள்கையும் உள்ளன. இவற்றின் கீழ், கெட்ட நோக்கத்தோடு பதியப்பட்ட பெயரை மீட்க முடியும். சீனச் சந்தையில் வணிகம் செய்யும் எண்ணமே இல்லாதவருக்கு டாட் சிஎன் பெயர் வேறொருவரிடம் போவதால் ஒன்றும் குறைந்துவிடப்போவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மதிப்பீட்டுச் சான்றிதழ்

ஊர்ப் பெயர், சுற்றுலாப் பெயர் கொண்ட முகவரிகளை வைத்திருப்பவர்களைக் குறிவைக்கும் இன்னொரு வகை உண்டு. உங்கள் பெயரைப் பெருந்தொகைக்கு வாங்கிக்கொள்கிறேன் என்று ஒருவர் எழுதுவார். விலையில் பேரம் பேசமாட்டார். நம்பகமான மதிப்பீட்டுச் சான்றிதழ் மட்டும் வேண்டும் என்பார், அதை எந்தத் தளத்தில் எடுப்பது என்றும் அவரே வழிகாட்டுவார். சான்றிதழுக்குக் கட்டணம் கட்டியபின் வாங்குபவர் மறைந்துபோவார். சான்றிதழ்த் தளமும் வாங்குபவரும் ஒருவரே.

மெய்யான கடிதமும் இப்படித்தான் இருக்கும்

எல்லாவற்றையும் குப்பையில் போடுவதும் ஆபத்து. ஐகானின் விதிப்படி, டாட் காம் போன்ற பெயர்களின் பதிவாளர் காலாவதிக்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பு ஒன்றும், ஒரு வாரம் முன்பு ஒன்றும் நினைவூட்டல் அனுப்ப வேண்டும். முடிந்த ஐந்து நாளுக்குள் இன்னொன்று. பதிவு விவரங்கள் சரியாக உள்ளனவா என்று ஆண்டுக்கு ஒருமுறை கேட்கும் கடிதமும் உண்டு. புதிதாகப் பெயர் பதிந்தாலோ விவரங்களை மாற்றினாலோ, மின்னஞ்சலை 15 நாளுக்குள் உறுதிப்படுத்தாவிட்டால் பெயர் முடக்கப்படலாம். அதைச் சொல்லும் கடிதம் ‘இதைச் சொடுக்கு, இல்லையேல் தளம் நின்றுவிடும்’ என்ற தொனியில்தான் இருக்கும். மோசடி என்று எண்ணி அதை அழித்தவர்களின் தளம் நின்றுபோகும். எச்சரிக்கைக் கட்டுரைகள் பலவும் இதைச் சொல்லாமல் விடுகின்றன.

எனவே கடிதத்தின் தொனியை வைத்துத் தீர்மானிக்க முடியாது. செய்ய வேண்டியது, கடிதத்தில் உள்ள இணைப்பைத் தொடாமல், வேறு வழியாக உண்மையைப் பார்ப்பது. ஐகானின் தேடல் பக்கத்திலோ, டாட் இன் பெயரானால் நிக்ஸியின் தேடல் பக்கத்திலோ தன் முகவரியைத் தட்டச்சு செய்தால் பதிவாளர் யார் என்பது வந்துவிடும். கடிதம் எழுதியவர் அந்தப் பதிவாளர் அல்ல என்றால் விஷயம் அங்கேயே முடிந்தது. இடையில் மறுவிற்பனையாளர் வழியாக வாங்கியிருந்தால் மட்டும் பெயர் வேறுபடலாம். அப்போது பழைய ரசீதையோ தளம் செய்தவரையோ கேட்க வேண்டும். பதிவாளர் பெயர் பொருந்தினாலும், உலாவியில் அவருடைய முகவரியைத் தானே தட்டச்சு செய்து, கணக்கில் நுழைந்து, அங்கே நிலுவை காட்டுகிறதா என்று பார்ப்பதே முறை. உண்மையான கட்டணம் எதுவானாலும் கணக்குக்குள்ளும் தெரியும்.

அனுப்புநர் பெயரை நம்பிப் பயனில்லை. அதில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எழுதலாம். அதன் பின்னுள்ள முழு முகவரியைக் கவனிக்க வேண்டும், அதையும் எழுத்தெழுத்தாக. ஆங்கிலச் சிறிய எழுத்தில் ஆர், என் இரண்டையும் ஒட்டி எழுதினால் எம் போலவே தெரியும். கைப்பேசித் திரையில் இதைக் கண்டுபிடிப்பது கடினம்.

சந்தேகக் கடிதத்துக்குப் பதில் அனுப்பாமல் இருப்பது நல்லது. ‘வேண்டாம்’ என்று எழுதினாலும், இந்த முகவரியில் ஒருவர் கடிதங்களைப் படிக்கிறார் என்பது உறுதியாகிவிடும்.

பெயரைத் தன் கைக்குக் கொண்டுவருதல்

குமரி மாவட்டச் சிறு வணிகர் ஒருவருக்கு மேற்சொன்ன அடையாளங்கள் எல்லாவற்றையும்விடப் பயன்படுவது ஒரு நாள் வேலை. தளம் செய்து கொடுத்தவர் தொடர்பில் இருக்கும்போதே பெயரைத் தன் பெயரிலுள்ள கணக்குக்கு மாற்றிக்கொள்வதுதான் அது. அதே பதிவாளரிடம் தனக்கு ஒரு கணக்குத் திறந்து அதற்குள் நகர்த்தச் சொன்னால் பெரும்பாலும் செலவின்றி முடியும். தொடர்பு மின்னஞ்சலாக அந்த ஆள்களப் பெயரிலேயே அமைந்த முகவரியைக் கொடுக்கக் கூடாது. பெயர் நின்றுபோனால் அந்த அஞ்சலும் நின்றுபோகும், மீட்புக் கடிதம் வந்து சேராது. மாற்றல் பூட்டை இட்டுவைப்பதும், தானியங்கிப் புதுப்பிப்பை அமைப்பதும், இயன்றால் ஒரே தடவையில் பல ஆண்டுகளுக்குக் கட்டுவதும் உதவும். பத்தாண்டு வரை முன்கூட்டிப் பதியலாம். காலாவதித் தேதியைக் கடைக் காலண்டரில் எழுதிவைத்தவரிடம் போலி நினைவூட்டல் செல்லாது.

காலாவதியான மறுநாளே பெயர் பறிபோவதும் இல்லை. டாட் காம் பெயரைப் பதிவாளர் 45 நாள் வரை வைத்திருக்க முடியும். நீக்கப்பட்ட பின்னும் 30 நாள் மீட்புக் காலம் உண்டு, அதில் கட்டணம் பல மடங்கு. அதன் பின் ஐந்து நாள் கழித்தே பெயர் பொதுவில் விடப்படும். தளம் இடையிலேயே நின்றுவிடும் என்பதால் இதை நம்பிக் காத்திருக்கக் கூடாதுதான். ஆனாலும் ‘இன்று மாலைக்குள்’ என்று நெருக்கும் கடிதத்தைக் கண்டு ஓட வேண்டிய அவசரம் கிடையாது.

பணம் கட்டிய பின்

இந்தியாவில் இணையப் பண மோசடிகளுக்கு உதவி எண் 1930. எவ்வளவு விரைவில் அழைக்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை இடையில் நிறுத்தும் வாய்ப்பு உண்டு. சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் என்ற தேசியத் தளத்திலும் புகார் பதியலாம். நாகர்கோவிலில் மாவட்டக் காவல்துறையின் சைபர் குற்றப் பிரிவிலும் நேரில் புகார் கொடுக்கலாம். ஆள்மாறாட்டம் செய்து கணினி வழியாக ஏமாற்றுவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் தரத்தக்க குற்றம். கடன் அட்டையில் கட்டியிருந்தால் வங்கியிடம் பரிமாற்றத்தை மறுத்து எழுத வேண்டும். மின்னஞ்சலை அழிக்காமல், அதன் முழுத் தலைப்பு விவரங்களோடு சேமித்து வைப்பது அவசியம். திரைப்படம் எடுத்துக் கொடுத்தால் மட்டும் போதாது.

பணத்தோடு மாற்றல் குறியீட்டையும் கொடுத்திருந்தால் முதல் அழைப்பு பழைய பதிவாளருக்கே போக வேண்டும். மாற்றல் வேண்டுகோள் வந்த பின் அவருக்கு ஐந்து நாள் அவகாசம் உண்டு, அதற்குள் தடுத்துவிடலாம். மாற்றல் முடிந்துவிட்டாலும் பதற வேண்டாம். டொமைன் ரெஜிஸ்ட்ரி ஆஃப் அமெரிக்கா வகைக் கடிதங்களில் பெயரின் உரிமை பெரும்பாலும் பழையவரிடமே இருக்கும். பதிவாளர் மட்டும் மாறி, விலை கூடியிருக்கும். பொதுவாக 60 நாள் கழிந்ததும் விரும்பிய பதிவாளரிடம் திரும்பப் போகலாம். உரிமையாளர் பெயரே மாற்றப்பட்டிருந்தால் அது திருட்டு. அப்போது பதிவாளர், காவல்துறை இரண்டிடமும் ஒரே நாளில் எழுத வேண்டும்.

ஒருமுறை கட்டியவரின் முகவரி கட்டக்கூடியவர் என்ற குறிப்போடு மற்றவர்களுக்கும் போய்ச் சேர்கிறது. சில வாரங்களில், இழந்த தொகையை மீட்டுத் தருகிறோம், முன்பணமாகச் சிறு கட்டணம் மட்டும் என்று வேறொரு பெயரில் கடிதம் வரலாம். அதுவும் இந்த வகையைச் சேர்ந்ததே.